லைக்கை எண்ணாதீங்க, சேவ் ஆன நம்பரை எண்ணுங்க!

ரீல்ஸில் ஆயிரக்கணக்கில் பார்வை. கல்லாவிலோ மூன்றே ஆர்டர். குமரி மாவட்டச் சிறு வியாபாரிகள் சோஷியல் மீடியாவை எப்படிப் பயன்படுத்தினால் லாபம்? எங்கே கதவைச் சாத்த வேண்டும்?

நாகர்கோவிலில் வீட்டிலேயே முந்திரிக்கொத்து செய்து விற்கும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். பாசிப்பயறை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் உருட்டி, மாவில் முக்கி எண்ணெயில் போடுகிற காட்சியை ரீல்ஸாகப் போடுகிறார். பின்னணியில் ஒரு ஹிட் பாட்டு. மறுநாள் காலையில் பார்த்தால் 40 ஆயிரம் பார்வைகள். கமென்ட்டில் ஒரே கூட்டம். "எங்க பாட்டி ஞாபகம் வருது", "ப்ரைஸ் ப்ளீஸ்", "டெல்லிக்கு கொரியர் உண்டா?"

அந்த வாரம் கூடுதலாக விற்றது எத்தனை பாக்கெட்? மூன்று. அதிலும் இரண்டு பக்கத்துத் தெருவுக்கு.

கற்பனைதான். ஆனால் போனிலேயே கடை நடத்துகிற யாரிடம் சொன்னாலும், "அட, நம்ம கதைதானே" என்பார்கள். சிப்ஸ், தேன், நகை, பூ, பிளவுஸ் தையல், கேக் என எதை விற்பவருக்கும் இந்த அனுபவம் ஒருமுறையாவது வந்திருக்கும். உடனே அவர்கள் எடுக்கும் முடிவு, "அப்போ இன்னும் நிறைய ரீல்ஸ் போடணும்" என்பது. தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பார்வை வேறு, வாடிக்கை வேறு. சிறு வியாபாரத்துக்குச் சோறு போடுவது வாடிக்கை. அதை அளக்க ஒரு எளிய கேள்வி போதும்: உங்கள் கடை நம்பரைத் தங்கள் போனில் சேவ் செய்து வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

பார்வையே சரக்காக இருப்பவர்கள்

"அப்போ யூடியூபில் கோடி கோடியாகப் பார்க்கிறார்களே, அவர்கள் சம்பாதிக்கவில்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் 2018-இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழ் சேனல்களில் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது அதுதான். வயல்வெளியில் ஒரு தாத்தாவும் பேரன்களும் சமைக்கிற வீடியோ உலகம் முழுக்கப் போனது. அந்தச் சமையலைப் பார்க்கிறவர் அமெரிக்காவில் இருந்தாலும் பிரச்சினை இல்லை. அவர் பார்த்தாலே போதும். விளம்பரத்தில் வருமானம் வந்துவிடும். அங்கே வீடியோதான் சரக்கு.

முந்திரிக்கொத்து விற்பவருக்கு அப்படி இல்லை. அவருடைய சரக்கு பாக்கெட்டுக்குள் இருக்கிறது. அமெரிக்காவில் இருப்பவர் பார்த்துவிட்டு 'வாவ்' போட்டால் அவருக்கு ஒரு பைசா வராது. இன்னொரு விஷயம். ஒருவேளை அந்த 40 ஆயிரம் பேரில் இரண்டாயிரம் பேர் நிஜமாகவே ஆர்டர் கொடுத்துவிட்டால்? ஒரு வீட்டு அடுப்பில் இரண்டாயிரம் பாக்கெட் ஆகாது. தாமதம், உடைந்துபோன பார்சல், "ஏமாத்திட்டாங்க" என்ற ரிவியூ எல்லாம் வரிசையாக வரும். கைவேலையில் ஓடும் வியாபாரத்துக்குப் பெரிய கூட்டம் வரமல்ல, பல சமயம் சுமை.

மாறாக, நம்பரை சேவ் செய்த 150 பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். அதில் ஐந்தில் ஒருவர் மாதம் ஒருமுறை 300 ரூபாய்க்கு வாங்கினாலும் 30 ஆர்டர், 9,000 ரூபாய். அடுத்த மாதமும் அதே அளவுக்கு வரும். தீபாவளிக்குக் கூடும். அடுப்பும் தாங்கும், ஆளும் தாங்குவார்.

'டெம்பிள் ஜுவல்லரி' யாருடைய பெயர்?

பார்வைக்கும் வாடிக்கைக்கும் உள்ள இடைவெளியைப் புரிந்துகொள்ள வடசேரிக்குப் போனாலே போதும்.

நாகர்கோவிலின் வடசேரி, கோயில் நகைக்குப் பேர்போன இடம். வெள்ளியில் உருவம் அடித்து, சிவப்பும் பச்சையுமான கெம்புக் கற்களை வைத்து, சுற்றிலும் தங்கத் தகடு பதிக்கிற வேலை. தெய்வச் சிலைகளுக்காகச் செய்யப்பட்ட இந்த நகைகள், பின்னர் பரதநாட்டிய மேடைக்கும் கல்யாண மேடைக்கும் வந்தன. நெற்றிச்சுட்டி, சூரியப் பிறை, சந்திரப் பிறை, ராக்கொடி, ஜடைநாகம், ஒட்டியாணம், மாங்காய் மாலை என ஒரு முழு செட்டுக்குப் பல நாள் கைவேலை தேவை. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடும் பல ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது.

இப்போது போனை எடுத்து 'டெம்பிள் ஜுவல்லரி' என்று தேடிப் பாருங்கள். படங்கள் கொட்டும். பெரும்பாலானவை அச்சில் வார்த்தவை, கவரிங், இயந்திர வேலை. எந்த ஊரில் செய்தது என்ற விவரமே இருக்காது. வடசேரியின் கைவேலைக்கு அடையாளமாக இருந்த பெயர், இன்று யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும் ஹேஷ்டேக்.

சட்டம் உதவாதா? ஓரளவுக்கு உதவும். 1999-ஆம் ஆண்டு புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003-இல் அமலுக்கு வந்தது. பதிவு செய்த குறியீட்டைப் பொய்யாகப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் காக்கப்படுவது ஊரோடு சேர்ந்த பெயர். 'டெம்பிள்' என்ற பாணியில் நகை செய்வதையே யாரும் தடுக்க முடியாது. அதனால் ஹேஷ்டேக் போட்டியில் கைவினைஞர் ஜெயிப்பது கஷ்டம். அவர் ஒரு செட் முடிப்பதற்குள் எதிர்த் தரப்பு நூறு படம் போட்டுவிடும்.

அப்படியென்றால் வடசேரிக்காரருக்கு சோஷியல் மீடியாவே வீணா? இல்லை. அவருக்கு வேண்டிய ஆட்களே வேறு. அரங்கேற்றத்துக்கு நகை எடுப்பவர் ரீல்ஸ் பார்த்துவிட்டு வாங்குவதைவிட, நடன ஆசிரியரைக் கேட்டு வாங்குவதுதான் அதிகம். ஒரு ஆசிரியரிடம் ஆண்டுதோறும் புதிய மாணவிகள் வருவார்கள். சென்னையிலோ சிங்கப்பூரிலோ டொரன்டோவிலோ இருக்கும் இருபது ஆசிரியர்கள் அவருடைய நம்பரை சேவ் செய்து வைத்திருந்தால், பட்டறைக்கு ஆண்டு முழுக்க வேலை இருக்கும். இருபதாயிரம் லைக் அந்த வேலையைச் செய்யாது.

அந்த இருபது பேருக்கு என்ன அனுப்பலாம்? மினுக்கும் பாட்டு வீடியோ தேவையில்லை. கல் பதிக்கும்போது எடுத்த முப்பது நொடி வீடியோ, நகையின் பின்பக்கம், எடை, வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு, பழுது பார்த்துத் தருவீர்களா என்ற தகவல் போதும். அச்சில் வார்ப்பவர் காட்ட முடியாதது கைவேலை நடக்கும் காட்சி ஒன்றுதான். கூடவே, புவிசார் குறியீட்டின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகச் சென்னையில் உள்ள பதிவகத்தில் பதிவு செய்துகொண்டால், பில்லிலும் ப்ரொஃபைலிலும் ஊர்ப் பெயரை உரிமையோடு போடலாம்.

அடுத்தவர் இடத்தில் போட்ட கடை

நம்பர் ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் எல்லாமே அடுத்தவர் இடம். வாடகை கேட்காத வரைக்கும் அது நம் இடம் போலத் தோன்றும்.

2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று அறிவித்தது. கஷ்டப்பட்டு லைக் சேர்த்த கடைப் பக்கங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. அதன்பின் சொந்த ஃபாலோயர்களிடம் பேசவே பணம் கட்டி 'பூஸ்ட்' செய்ய வேண்டிய நிலை. 2020 ஜூன் 29-ஆம் தேதி மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கும் போனது. அதையே நம்பியிருந்தவர்களின் ரசிகர் கூட்டம் ஒரே இரவில் காணாமல் போனது. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க முடங்கின.

கவனியுங்கள், அந்தக் கடைசிப் பட்டியலில் வாட்ஸ்அப்பும் இருக்கிறது. அதுவும் அதே கம்பெனியின் இடம்தான். வித்தியாசம் ஒன்று மட்டும்: வாட்ஸ்அப் போனாலும் நம்பர் உங்களிடம் இருக்கும். போன் போட்டுப் பேசலாம், எஸ்எம்எஸ் அனுப்பலாம், நாளைக்கு வேறு செயலி வந்தால் அங்கேயும் தேடிக்கொள்ளலாம். ஃபாலோயரை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது.

அதனால் பழைய மளிகைக் கடைக்காரர் செய்ததையே செய்யுங்கள். ஒரு நோட்டு போடுங்கள். பெயர், நம்பர், என்ன வாங்கினார், எப்போது வாங்கினார் என்று எழுதுங்கள். எக்செல் தெரிந்தால் அதில் போடலாம். மாதம் ஒருமுறை ஒரு நகல் எடுத்து வைத்தால் போன் தண்ணீரில் விழுந்தாலும் வியாபாரம் மூழ்காது.

குரூப் வேண்டாம், பிராட்காஸ்ட் போதும்

2018 தொடக்கத்தில் வந்த 'வாட்ஸ்அப் பிசினஸ்' செயலி சிறு கடைகளுக்கு இலவசம். சாதாரண வாட்ஸ்அப்பிலேயே வியாபாரம் செய்பவர்கள் இதற்கு மாறுவது நல்லது. கேட்டலாகில் பொருளும் விலையும் போட்டு வைத்தால், "ப்ரைஸ் ப்ளீஸ்" என்று கேட்பவருக்கு ஒவ்வொரு முறையும் டைப் செய்ய வேண்டாம். "கடை நேரம் காலை 9 முதல் இரவு 8" என்று தானாகப் போகும் பதில் வைக்கலாம். 'புது ஆர்டர்', 'பணம் வரணும்', 'அனுப்பியாச்சு' என்று லேபிள் ஒட்டலாம்.

பலரும் செய்யும் தவறு, வாங்கியவர்கள் எல்லாரையும் கேட்காமலே ஒரு குரூப்பில் போட்டுவிடுவது. குரூப்பில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். பிளவுஸ் தைக்கக் கொடுத்த ஒரு பெண்ணின் நம்பர் முகம் தெரியாத ஒருவருக்குப் போனால் பொறுப்பு யாருடையது? அந்தப் பெண் திரும்ப வருவாரா?

பிராட்காஸ்ட் பட்டியலில் அந்தச் சிக்கல் இல்லை. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் செய்தியாகப் போகும். இதில் ஒரு அழகான விதி உண்டு: உங்கள் நம்பரை சேவ் செய்தவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். "இந்தக் கடை எனக்கு வேணும்" என்று அவரே முடிவெடுத்திருக்கிறார் என்று பொருள். லைக் போடுவது ஒரு விரல் அசைவு. நம்பரை சேவ் செய்வது ஒரு சம்மதம்.

அதனால் பொருளைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "நம்ம நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, புதுசா போட்டா சொல்றேன். வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, நிறுத்திடுறேன்." வேண்டாம் என்றவரை அன்றைக்கே நீக்கிவிடுங்கள். வாரம் ஒரு செய்தி போதும். தினமும் 'குட் மார்னிங்' படம் அனுப்பினால் மியூட் செய்துவிடுவார்கள், கேட்டீங்களா!

24 மணி நேரப் பூவும், 24 மணி நேர ஸ்டேட்டஸும்

எல்லாச் சரக்குக்கும் ஒரே வழி பொருந்தாது. தோவாளைப் பூச்சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். விடியும் முன்பே வியாபாரம் சூடுபிடிக்கும் இடம். இன்றைய பூவும் இன்றைய விலையும் நாளைக்கு உதவாது. ஸ்டேட்டஸும் அப்படித்தான், 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும். பூ, மீன், கீரை மாதிரி அன்றாடச் சரக்குக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. இன்று என்ன இருக்கிறது, என்ன விலை, எத்தனை மணி வரை என்ற மூன்று வரி போதும்.

அதே தோவாளையின் மாணிக்க மாலைக்கு வேறு கணக்கு. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை கொண்டு பாய் பின்னுவது போலத் தட்டையாகக் கட்டப்படும் மாலை அது. 2025-இல் புவிசார் குறியீடு பெற்றது. அது தினசரிச் சரக்கு இல்லை. கல்யாணம், கோயில் விழா, வரவேற்பு என்று தேதி குறித்து வரும் ஆர்டர். எனவே அதற்கு வீடியோ வேண்டும். மாலை கட்டும் விரல்களைப் பார்த்தால்தான் விலையின் நியாயம் புரியும். பார்த்தவர் அடுத்த மாதம் தேடி வரும்போது நம்பரும் கையோடு கிடைக்க வேண்டும்.

மட்டிப் பழத்துக்கு இன்னொரு சிக்கல். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் வெளியூரிலிருந்து விசாரிப்பவர்கள் கூடினால் ஆச்சரியமில்லை. ஆனால் பழுத்த மட்டி அதிக நாள் தாங்காது. இங்கே ரீல்ஸ் பார்த்து மும்பையிலிருந்து வரும் ஆர்டரை ஏற்றுக்கொள்வது பெயரைக் கெடுத்துக்கொள்ளும் வேலை. மதுரையோ திருவனந்தபுரமோ, ஓர் இரவில் போய்ச் சேரும் தூரத்துக்கு மட்டும் எடுப்போம் என்று சொல்லிவிடுவது நாணயம்.

திருவனந்தபுரம் என்றதும் நினைவுக்கு வருவது மொழி. ஓணத்துக்குத் தோவாளைப் பூ கேரளத்துக்குப் போகிறது. சிப்ஸும் பலகாரமும் களியக்காவிளை தாண்டிப் போகின்றன. ஆனால் கடைகளின் பதிவுகளில் பெரும்பாலும் தமிழும் ஆங்கிலமும் மட்டும்தான். மலையாளம் பேசுவோர் நிறைந்த மாவட்டம் இது. இரண்டு வரி மலையாளத்தில் சேர்த்தால் ஓணம் சீசனில் அதன் பலன் தெரியும்.

வீடே கடையானால், கதவு எங்கே?

இதுவரை பேசியது வியாபாரம். இனி வீடு.

ஒரே போன், ஒரே நம்பர், ஒரே ஸ்டேட்டஸ். காலையில் மகனின் பிறந்தநாள் கேக் படம், மதியம் சிப்ஸ் விலைப் பட்டியல், இரவு மாமனாரின் ஆஸ்பத்திரிச் செய்தி. நம்பரை சேவ் செய்த வாடிக்கையாளர் எல்லாவற்றையும் பார்க்கிறார். மகன் எந்த ஸ்கூல், வீட்டில் எப்போது ஆள் இருக்காது, கணவர் துபாயில் இருக்கிறாரா என்பது வரைக்கும் தெரிந்துவிடுகிறது.

வாடிக்கையாளர் பட்டியலைப் பெருக்கச் சொல்கிற அதே மூச்சில் இதையும் சொல்லியாக வேண்டும்: நம்பர் பரவ வேண்டுமென்றால் அது வீட்டு நம்பராக இருக்கக் கூடாது. இரண்டாவது சிம் ஒன்று வாங்குங்கள். ஒரே போனில் சாதாரண வாட்ஸ்அப்பை வீட்டுக்கும், வாட்ஸ்அப் பிசினஸைக் கடைக்கும் தனித்தனி நம்பரில் வைக்கலாம். வீட்டிலிருந்து வியாபாரம் செய்யும் பெண்களுக்கு இது வசதி மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. ராத்திரி 11 மணிக்கு "ஹாய்" என்று வரும் மெசேஜுக்கும், தேவையில்லாத வீடியோ காலுக்கும், குடும்பப் போட்டோவைத் திருடிப் போலி ஐடி போடுகிறவருக்கும் அந்த இரண்டாவது நம்பர் ஒரு கதவு. டிபியில் முகம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பொருளின் படமோ கடைப் பெயரோ போதும்.

கூகுள் மேப்ஸில் கடையைப் பதிவு செய்யும்போதும் இதே கவனம் தேவை. வீட்டிலிருந்து செய்பவர்கள் வாசல் முகவரியை மறைத்துவிட்டு, எந்தப் பகுதிகளுக்கு டெலிவரி என்பதை மட்டும் காட்டும் வசதி அதில் இருக்கிறது.

குழந்தைகளை வைத்து எடுக்கும் விளம்பர ரீல்ஸ் பற்றியும் யோசிக்க வேண்டும். குழந்தை சிப்ஸ் கடிக்கிற வீடியோ நன்றாக ஓடும். ஆனால் பத்து வருஷம் கழித்து அந்தப் பிள்ளை வகுப்பில் கேலிக்கு ஆளாகும்போது, அன்று வந்த பார்வைகள் துணைக்கு வராது.

வீட்டு நேரமும் ஒரு கதவுதான். இரவு 8 மணிக்கு மேல் தானியங்கிப் பதில் போகட்டும். "காலையில் பார்த்துச் சொல்றேன்" என்றால் கோபித்துக்கொண்டு போகிறவர், அநேகமாக வாடிக்கையாளராக ஆகியிருக்கவே மாட்டார்.

"நான் ஆர்மியில் இருக்கேன், 20 கிலோ வேணும்"

நம்பர் வெளியே போனால் மோசடிக்காரரும் வருவார். அவர்கள் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்.

பெரிய ஆர்டர் கொடுப்பார். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார். விலை பேரம் பேசமாட்டார். அங்கேயே சந்தேகம் வரணும். பிறகு ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, "ஸ்கேன் செய்து பின் போடுங்க, பணம் வரும்" என்பார். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடவே தேவையில்லை. பின் கேட்டாலே பணம் உங்கள் கணக்கிலிருந்து போகப் போகிறது என்று அர்த்தம்.

இன்னொரு வகை, பணம் அனுப்பியது போலப் போலி ஸ்கிரீன்ஷாட். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வந்ததைப் பார்த்த பிறகே பார்சலை அனுப்புங்கள்.

மூன்றாவது, "உங்கள் பக்கத்தின் மீது காப்பிரைட் புகார் வந்திருக்கிறது, 24 மணி நேரத்தில் மூடப்படும்" என்று இன்ஸ்டாகிராம் பெயரில் வரும் லிங்க். பதறி அழுத்தினால் கணக்கு அவர்கள் கைக்குப் போய்விடும். எல்லாக் கணக்குகளிலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு.

உணவு விற்பவர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. வீட்டில் செய்து ஆன்லைனில் விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அவசியம். அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் போட வேண்டும். அதையே கேட்டலாகிலும் போட்டுவிடுங்கள். அறிமுகமில்லாதவர் முதல் ஆர்டர் கொடுக்க அது தைரியம் கொடுக்கும்.

இன்ஃப்ளூயன்சருக்குப் பணம் கொடுக்கலாமா?

"நம்ம கடைக்கு ஒரு வீடியோ போடுங்க" என்று ஃபுட் ரிவியூ செய்பவர்களைக் கூப்பிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கூப்பிடலாம், தப்பில்லை. ஆனால் பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு போடும் வீடியோவில் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இலும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கின்றன.

பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: அவருடைய பார்வையாளர்களில் எத்தனை பேர் உங்கள் கடைக்கு வந்துபோகும் தூரத்தில் இருக்கிறார்கள்? வீடியோ வந்த வாரத்தில் எத்தனை புது நம்பர் உங்கள் நோட்டில் ஏறியது என்று எண்ணுங்கள். கொடுத்த பணத்தை அந்த எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வாடிக்கையாளரைச் சேர்க்க எவ்வளவு செலவானது என்று தெரிந்துவிடும். அந்தத் தொகை, ஒருவர் முதல் தடவை வாங்கும்போது கிடைக்கிற லாபத்தைப் போலப் பல மடங்கு என்றால் அடுத்த முறை வேண்டாம்.

அப்போ ரீல்ஸே வேண்டாமா?

வேண்டும். நேற்றுக் கடை திறந்தவருக்கு நம்பர் பட்டியல் எங்கிருந்து வரும்? முகம் தெரியாத ஒருவர் முதலில் உங்களைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் ரீல்ஸிலோ மேப்ஸிலோதான். பக்கத்து ஊரில் இருப்பவரே நீங்கள் இருப்பதை இன்ஸ்டாகிராம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும் காலம் இது. 'எங்க சரக்கு பேசும்' என்று போனைத் தொடாமல் இருப்பதும் தொழிலுக்கு நல்லதில்லை.

ஆனால் ரீல்ஸ் என்பது வடசேரி கனகமூலம் சந்தையில் கேட்கும் கூவல் மாதிரி. கூவினால் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, பழத்தைக் கையில் கொடுத்து, அடுத்த வாரமும் வரவைப்பதுதான் வியாபாரம். கூவலோடு நிறுத்திக்கொண்டால் தொண்டைதான் வறளும்.

அதனால் ஒவ்வொரு ரீல்ஸின் முடிவிலும் வழி காட்டுங்கள். ஊர் எது, விலை என்ன, எந்த நம்பருக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும் என்ற மூன்றும் இல்லாத வீடியோ, பெயர்ப்பலகை இல்லாத கடை. "ப்ரைஸ் ப்ளீஸ்" என்று கேட்டவருக்கு "இன்பாக்ஸ் பண்ணுங்க" என்று சொல்லி மறைக்காமல் விலையைப் பொதுவிலேயே சொல்லுங்கள். விலையை மறைக்கும் கடையை யாரும் நம்புவதில்லை.

இந்த வாரமே செய்யலாம்

- கடைக்குத் தனி சிம், அதில் வாட்ஸ்அப் பிசினஸ். வீட்டு நம்பர் வீட்டோடு.
- கேட்டலாகில் பத்துப் பொருள், விலையோடு.
- கடந்த ஆறு மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் வாங்கியவர்களின் பட்டியல். அனுமதி கேட்டுப் பிராட்காஸ்டில் சேருங்கள்.
- எல்லாக் கணக்குகளிலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு.
- கடை மூடும் நேரத்துக்குத் தானியங்கிப் பதில்.
- மாதக் கடைசியில் நோட்டில் இரண்டே எண்கள்: புதிதாகச் சேர்ந்த நம்பர் எத்தனை, திரும்ப வாங்கியவர் எத்தனை.

அந்தக் கடைசி இரண்டு எண்களும் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால் போதும். ரீல்ஸ் ஓடாத வாரத்திலும் அடுப்பு எரியும். அடுத்த முறை 40 ஆயிரம் பார்வை வந்தால் சந்தோஷப்படுங்கள், வீட்டில் காட்டுங்கள். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு, போன மாதம் வாங்கிய அந்த அக்காவுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்: "முந்திரிக்கொத்து இன்னைக்குப் போட்டிருக்கேன், உங்களுக்கு எடுத்து வைக்கட்டுமா?"